நாவலுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்: ஆபத்து 11ஆம் அத்தியாயத்தில்

கேள்வி: பெங்களூருவில் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். தலையில் மாட்டிக்கொள்ளும் பட்டை தயாரிக்கிறார்கள். மூளை அலையை அளந்து, மெல்லிய மின்துடிப்பு கொடுத்துத் தூக்கத்தை வரவைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். பட்டையைக் கழற்றினால் தூக்கம் வராமல் தவிக்கிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு உள்ளுக்குள் இருந்தது. அந்த எண்ணிக்கையைக் குறைக்க யாரும் முயலவில்லை; "திரும்ப வருவோர்" என்று பெயர் வைத்து அதைக் கூட்டத்தான் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு. வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கு வந்து, 2041ல் நடக்கிற மாதிரி ஒரு த்ரில்லர் நாவல் எழுதினேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அட்டைப்படத்தை முகநூலில் போட்டதும் பழைய நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது: அவதூறு, ரகசியக் காப்பு ஒப்பந்த மீறல், ஐந்து கோடி நஷ்டஈடு, ஏழு நாளில் பதில். பதிப்பாளர் பயந்து அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார். 11ஆம் அத்தியாயத்தில் வரும் வரைபடமும் எண்களும் மட்டும் நான் வேலையில் இருந்தபோது எனக்கே மின்னஞ்சல் செய்துகொண்ட ஸ்லைடுகளிலிருந்து எடுத்தவை. என்மீது வழக்குப் போட முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் கவலைப்பட்டது அவதூறைப் பற்றியோ ஐந்து கோடியைப் பற்றியோ இல்லை. போகிறபோக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த ஸ்லைடுகளைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன். முதலில் நோட்டீஸைப் பார்ப்போம்.

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. ஏழு நாள் என்பது அவர்களாகப் போட்ட கெடு. எட்டாவது நாள் யாரும் ஜப்தி செய்ய வரப்போவதில்லை. அதற்காகப் பதில் போடாமலும் இருந்துவிடாதீர்கள். உங்கள் வக்கீல் மூலம் சுருக்கமாக, மறுத்து, ஒரு பதில் போகட்டும். பழைய அலுவலகத்து மனிதவளத் துறைக்கு நீங்களே போன் போட்டு "சார், அது கதைதான் சார்" என்று விளக்க வேண்டாம். அந்தப் பேச்சு பதிவாகும்.

ஐந்து கோடிக்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போட்டால், கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 2017க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது. ஐந்து கோடிக்கு 15 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதனால் நோட்டீஸில் வரும் கோடிகள் பல சமயம் வழக்கு மனுவுக்கு வந்து சேர்வதில்லை. தடை உத்தரவு மட்டும் கேட்பார்கள், அதற்குக் கட்டணம் சொற்பம். உங்கள் விஷயத்தில் அவர்களுக்கு வேண்டியதும் புத்தகம் வராமல் நிற்பதுதான்.

சரி, அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் வாரிசு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமுதாயப் பணி. நிறுவனத்துக்கு ஏது மானம் என்று கேட்காதீர்கள். நிறுவனத்தைப் பற்றிய பழிச்சொல்லும் அவதூறுதான் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. இதில் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது: புகாரைக் கோப்பில் எடுக்கும் முன், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பைக் கேட்க மாஜிஸ்திரேட் வாய்ப்புத் தர வேண்டும். முன்பெல்லாம் சம்மன் வந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

பெயரை மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். அது மட்டும் போதாது. சட்டக் கல்லூரியில் எங்களுக்கெல்லாம் மனப்பாடமான ஒரு இங்கிலாந்து வழக்கு உண்டு. ஒரு பத்திரிகைக் கட்டுரையாளர் பிரான்சின் டியப் நகரத்து மோட்டார் விழாவைப் பற்றி எழுதும்போது, மனைவி அல்லாத பெண்ணோடு சுற்றும் சர்ச் பிரமுகராக "ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ்" என்று ஒரு ஆளைக் கற்பனையாக உருவாக்கினார். நிஜத்தில் அதே பெயரில் ஒரு பாரிஸ்டர் இருந்தார்! அவர் சர்ச் பிரமுகரும் இல்லை, டியப் பக்கம் போகவும் இல்லை. வழக்குப் போட்டு 1,750 பவுண்டு வாங்கினார். அங்கே அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. எழுதியவரின் நோக்கத்தைவிட, வாசிப்பவர் யாரை நினைக்கிறார் என்பதுதான் முக்கியம்.

"இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்று படங்களின் தொடக்கத்தில் வருமே, அதற்கும் ஒரு வழக்குதான் காரணம். ரஸ்புடின் கதையைப் படமாக எடுத்த எம்.ஜி.எம். நிறுவனத்தின் மேல் ரஷ்ய இளவரசி யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டார். பெயர் மாற்றியிருந்தும் படத்தில் வரும் இளவரசி நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும் என்றார். 1934ல் 25,000 பவுண்டு தீர்ப்பு உறுதியானது. அதிலிருந்து எல்லோரும் அந்த வாசகத்தைப் போட ஆரம்பித்தார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது கொசுவலை மாதிரி, கொசுவுக்குத்தான் ஆகும்.

உங்கள் நாவலின் நிறுவனர் கூட்டங்களை வெறுங்காலோடு நடத்துகிறார், ஒரே கையில் இரண்டு கடிகாரம் கட்டுகிறார் என்று கடிதத்தில் இங்கே அச்சிடாத பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பழைய முதலாளிக்கும் அதே வழக்கம் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அந்தத் துறையில் வேலை பார்க்கிறவர்கள் முதல் பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அதே ஆள் 23ஆம் அத்தியாயத்தில் ஒரு விஞ்ஞானியைக் கொல்ல ஆள் வைக்கிறார்.

இங்கேதான் நாவலாசிரியர்கள் இசகுபிசகாக மாட்டுவது. செய்திக் கட்டுரை எழுதுகிறவருக்கு "நான் எழுதியது உண்மை" என்று நிற்க ஓர் இடம் இருக்கிறது. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். கிரிமினல் வழக்கில் உண்மையோடு பொதுநலனும் சேர வேண்டும். கொலையை நீங்களாகக் கற்பனை செய்தீர்கள், அதை எப்படி உண்மை என்று நிரூபிப்பீர்கள்? "கற்பனை" என்றும் "உண்மை" என்றும் ஒரே எதிர்வாதத்தில் சொன்னால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாவலென்றால் முழுக்கக் கற்பனை என்ற பக்கம் நில்லுங்கள். இரண்டு கடிகாரத்தையும் கழற்றுங்கள், செருப்புப் போட்டுவிடுங்கள், ஊரை மாற்றுங்கள், பட்டையைக்கூட வேறு ஏதாவது கருவியாக மாற்றுங்கள். அடிமைப்படுத்தி லாபம் பார்க்கும் நிறுவனம் என்ற கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. புகையிலைக் கம்பெனிகள், அமெரிக்காவில் ஆக்ஸிகோன்டின் வலிமாத்திரை விற்ற பர்டூ பார்மா என்று நிஜ உலகமே உங்களுக்கு முன்னால் எழுதி வைத்துவிட்டது. நாவலில் வரும் கம்பெனிப் பெயரை மட்டும் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும் வர்த்தக முத்திரைப் பதிவகத்திலும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

தடை கிடைக்குமா என்றால், அவர்களுக்கு அது சுலபமில்லை. 2024 மார்ச்சில், ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் கட்டுரை மேல் ஜீ தொலைக்காட்சி நிறுவனம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றம் கொடுத்த இடைக்காலத் தடையை நீக்கியது. விசாரணை நடக்கும் முன்பே தடை என்பது எழுத்துக்கு மரண தண்டனை போல ஆகிவிடும் என்று எச்சரித்தது. பணபலமுள்ளவர்கள் வாயடைக்கப் போடும் வழக்குகளைப் பற்றியும் பேசியது. 2011ல் டாடா நிறுவனம் கிரீன்பீஸ் மேல் போட்ட வழக்கில், ஆமைகளை டாடா சின்னம் துரத்துவது போன்ற ஒரு விளையாட்டுக்கே தடை தர டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. நம் ஊரில், வெளியாகும் முன்பே எழுத்தைத் தடுக்க அரசு அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை என்று சொன்ன 1994ன் நக்கீரன் – ஆட்டோ சங்கர் தீர்ப்பு இருக்கவே இருக்கிறது.

ஆனால் ஒருதலைப்பட்சத் தடை என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாமல் ஒரு காலைப்பொழுதில் வாங்கிவிடுவார்கள், அதை உடைக்க உங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குத்தான் கேவியட். சிவில் நடைமுறைச் சட்டம் 148அ. என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே மனு. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் "பெங்களூரு நீதிமன்றங்களுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். எனவே பெங்களூரு நகர சிவில் நீதிமன்றத்திலும் கோவையிலும் போடுங்கள். 90 நாள்தான் செல்லும், தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு புதுப்பிக்க வேண்டும்.

இப்போது அந்த ஸ்லைடுகள்.

வேலையை விட்ட பின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்கிற நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. பலர் இதைக் கேள்விப்பட்டுவிட்டு, ரகசியக் காப்பும் செல்லாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது செல்லும், வேலையை விட்ட பின்னும் செல்லும். அது ஒருபக்கம். நிறுவனத்தின் கணினியிலிருந்து அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கம் என்று சேர்த்துவிட்டால் 66ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. இதற்கு எஃப்.ஐ.ஆர். போட முடியும். அவதூறில் அவர்கள் நிரூபிக்க வேண்டியது நிறைய. இதில் உங்கள் மின்னஞ்சலே சாட்சி. 11ஆம் அத்தியாயம் அச்சானால், அந்த எண்களை வரிக்கு வரி ஒப்பிட்டு நீதிபதி மேஜையில் வைப்பார்கள். கதாநாயகி அந்த வரைபடத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைவதுதானே காட்சி? எண்கள் நீங்கள் இட்டுக்கட்டியவையாக இருந்தாலும் அவள் அதிர்ச்சி அடைவாள். மாற்றி எழுதுங்கள்.

பதிப்பாளர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. ஜெஃப்ரி வைகண்ட் என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானி. பிரவுன் அண்டு வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்து 1993ல் நீக்கப்பட்டவர். அடுத்த ஆண்டு ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்துவிட்டு, நிகோட்டின் மனிதனை அடிமையாக்காது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். வைகண்ட் தொலைக்காட்சிப் பேட்டியில் வேறு மாதிரி பேசினார். அவரும் ரகசியக் காப்புக்குக் கையெழுத்துப் போட்டவர்தான். ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகத் தங்கள்மேல் வழக்கு வரும் என்று பேட்டி எடுத்த சி.பி.எஸ். தொலைக்காட்சியின் வக்கீல்கள் பயந்ததால் 1995ல் அந்தப் பேட்டி நின்றது. 1996 பிப்ரவரியில்தான் ஒளிபரப்பானது. கம்பெனி அவர்மேல் போட்ட வழக்கு 1997ல் மாநிலங்களோடு நடந்த சமரசத்தின்போதுதான் கைவிடப்பட்டது. உங்கள் பதிப்பாளர் பெரும்பாலும் இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், பயம் மட்டும் அதேதான். போகட்டும், அவரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, எந்த வழக்கு வந்தாலும் முழுச் செலவும் ஆசிரியர் தலையில் என்று ஒரு ஷரத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அச்சுக்குப் போகும் முன் ஒரு உச்சவரம்பாவது போட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் விஷயம் உண்மையென்றால் அதை நாவலில் ஒளித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றத்தை மறைக்க ரகசிய ஒப்பந்தம் உதவாது என்பது 1856ன் கார்ட்சைட் என்ற இங்கிலாந்து வழக்கிலிருந்து வரும் கோட்பாடு. பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று நம் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு உரிய அதிகாரியிடம் சொல்கிறவருக்குத்தான் வலுவாகக் கிடைக்கும், த்ரில்லரில் சொல்கிறவருக்கு அல்ல. தூக்கமின்மைக்குச் சிகிச்சை என்று விளம்பரம் செய்திருந்தால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்; மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர்களின் நலனைக் கெடுக்கும் தரவுப் பயன்பாட்டையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. 200 கோடி வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சிலி நாடு 2021லேயே மூளைச் செயல்பாட்டுக்கான பாதுகாப்பை அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டது. 2023ல் அங்கே உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளை அலைத் தரவை அழிக்கும்படி எமோடிவ் என்ற தலைப்பட்டை நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நம் சட்டத்தில் மூளை அலைக்குத் தனி இடம் கிடையாது. 2014ன் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி இறங்க வேண்டாம். அது அரசு ஊழியர்களின் முறைகேடுகளுக்கானது, அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் இன்றைக்கே. பயந்துபோய் அந்த மின்னஞ்சலையும் ஸ்லைடுகளையும் அழித்துவிடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால் சாட்சியத்தை அழித்ததாகிவிடும். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், எனக்கும்தான். பென் டிரைவில் போட்டு, கோவையிலேயே ஒரு வக்கீலை வைத்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரிடம் நேரில் கொடுங்கள்.