வாசகர் கேள்வி–பதில்: தெருவின் வரலாறு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

கேள்வி: எங்கள் தெருவின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள, தன்னார்வலர்கள் நடத்தும் பகுதி ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். "எங்கள் பகுதியின் வரலாறு வேண்டும்" என்று கேட்டேன். நாலைந்து பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். மாலைவரை புரட்டியும் தலைகால் புரியவில்லை. எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

பதில்: ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் சொல்லிக் கேளுங்கள். முனை வீடு, பள்ளிக்கூடம், அச்சகம் என்று ஏதாவது ஒன்று. அதோடு ஒரு பத்தாண்டு. கிளம்பும் முன் ஒரு தாளில் தெருவுக்கு வழங்கிவந்த எல்லாப் பெயர்களையும், அவற்றை எழுதும் வெவ்வேறு விதங்களையும், பழைய கதவு எண்ணுக்கு நேரான புதிய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் மாறியது தெரியாமல் தேடினால் பக்கத்து வீட்டின் ஆவணத்தை உங்கள் வீட்டினுடையதாக எடுத்துக்கொள்ள நேரும். மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை இது.

பெட்டியைக் கேட்பதற்கு முன் பட்டியலைக் கேளுங்கள். அடுத்து வரவுப் பதிவேட்டை. ஒரு பொருளை யார், எப்போது, எவற்றோடு சேர்த்துக் கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். தையல்காரரின் ரசீது ஒன்று தனியே கிடந்தால் பெரிதாக எதையும் சொல்லாது. ஒரு பள்ளி நிர்வாகியின் கணக்குக் கட்டோடு வந்தது என்று தெரிந்தால், அந்தப் பள்ளியில் சீருடை எப்போது வந்தது என்ற கேள்விக்கே அது விடையாகலாம்.

குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். படமெடுக்க அனுமதி கிடைத்தால், கோப்பு எண் எழுதிய சீட்டும் ஒவ்வொரு படத்திலும் விழட்டும். எண் இல்லாத படத்தைக் கொண்டு பிறகு எதையும் நிறுவ முடியாது.

கேள்வி: காப்பகத்தில் எங்கள் கடைத்தெருவின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கிறது. ஆண்டு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் படத்தை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பாருங்கள். மெல்லிய தாள் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, நிறம் பழுப்பாகி, வெளிச்சமான இடங்கள் மஞ்சளித்திருந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளாக இருக்கலாம். 1850-இல் அறிமுகமான அந்த முறை 1890-கள் வரை பரவலாக இருந்தது. சாய்த்துப் பிடிக்கும்போது கறுத்த பகுதிகளில் கண்ணாடிபோல வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் ஜெலட்டின் தாள். அது 1880-களில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை நீண்டது. தாளின் பின்புறம் பிளாஸ்டிக் போல வழுக்கினால், அந்தப் பிரதி 1960-களின் பிற்பகுதிக்கு முன்பு அச்சானதாக இருக்காது.

பிரதியின் வயது வேறு, காட்சியின் வயது வேறு. பழைய படத்தை மறுபடி படமெடுத்து அச்சிடுவது எங்கும் வழக்கம். கீறலும் மடிப்பும் கண்ணுக்குத் தெரிந்து, விரலால் தடவினால் தாள் வழவழவென்றிருந்தால் உங்கள் கையில் இருப்பது நகல்.

பிறகு காட்சிக்கு வாருங்கள். 1200 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்து மூலை முடுக்கெல்லாம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் இடவலம் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அதை உணராமல் கடைகளை அடையாளம் காட்டினால் தெருவின் வலப்பக்கம் இடப்பக்கமாகிவிடும். அடுத்து இரண்டு எல்லைகள்: இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை. வாகனமும் சினிமாச் சுவரொட்டியும் முன் எல்லையை மட்டுமே தரும். கார் இருபது வருஷம் ஓடும், பழைய படம் மறுபடி திரைக்கு வரும். ஆகவே "இந்த மாடல் 1954-இல் வந்தது, படமும் 1954" என்ற முடிவு செல்லாது. பின் எல்லைக்கு, இடிந்துபோன கட்டடத்தையோ பெயர் மாறிய கடையையோ தேடுங்கள்.

மின்கம்பம் 1952-இல் நட்டதாகவும், மூலையிலுள்ள மண்டபம் 1961-இல் இடிக்கப்பட்டதாகவும் ஆவணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "1952–1961" என்றே எழுதுங்கள். காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். "1957 வாக்கில்" என்று எழுதினால், அடுத்து எடுத்தாள்பவர் "வாக்கில்" என்பதை விட்டுவிடுவார்.

கேள்வி: தாத்தாவின் ஆல்பத்தைக் காப்பகத்துக்குக் கொடுக்கப் போகிறேன். படங்களைப் பிரித்து ஆண்டுவாரியாக அடுக்கித் தரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பல இடங்களிலிருந்து வந்தவற்றை ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பகங்களின் அடிப்படை விதி; 1841-லேயே பிரெஞ்சு அரசு அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. வந்த கட்டுக்குள் இருக்கும் வரிசைக்கும் அதே மதிப்பு உண்டு. யார் படத்துக்கு அருகில் யார் படம், எந்தப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் தாத்தா விட்டுச்சென்ற தகவல்கள்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுங்கள். படங்கள் பசைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். மெழுகில்லாத பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்துவரலாம். நகரவில்லையென்றால் அப்படியே விடுங்கள். ஹேர் டிரையரோ தண்ணீரோ கூடாது. கழன்ற படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எண் மட்டும் போடுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தடமாக எழும், மை ஊறும். செலோடேப், ஸ்டேப்ளர் பின், பிவிசி பிளாஸ்டிக் உறை மூன்றையும் தவிருங்கள். பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமற்ற காகித உறை நல்லது.

ஸ்கேன் 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் (TIFF) என்னும் படக்கோப்பு வடிவில். 4×6 அங்குலப் படம் சுமார் 26 எம்பி வரும். பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். 35 மிமீ நெகட்டிவுக்கு 3000 முதல் 4000 டிபிஐ தேவை. நெகட்டிவில் வினிகர் வாடை வந்தால் அதன் அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய போனே போதுமா?

பதில்: போதும், மைக் வாய்க்கு அருகில் இருந்தால். மின்விசிறியை நிறுத்துங்கள். முடிந்தால் வேவ் (WAV) என்னும் ஒலிக்கோப்பு வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள்; ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். தொடக்கத்திலேயே பெயர், தேதி, இடத்தைக் குரலில் சொல்லிவிடுங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா?" என்று கேளுங்கள், ஆண்டை நீங்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். பதிவை யார் கேட்கலாம், எங்கே வெளியிடலாம் என்பதற்கு அன்றே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் நூலகக் கட்டடத்தின் கல்வெட்டு ஓர் ஆண்டைச் சொல்கிறது, பொன்விழா மலர் இரண்டு ஆண்டு தள்ளிச் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாக இருக்க வாய்ப்புண்டு. அடிக்கல் வேலை தொடங்கிய நாளைச் சொல்லும். மலர் பெரும்பாலும் திறப்பு விழாவைக் கணக்கில் கொள்ளும். கல்லில் "நாட்டப்பட்டது" என்றிருக்கிறதா, "திறந்து வைக்கப்பட்டது" என்றிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அப்படியும் முரண்பட்டால், நிகழ்வு நடந்த காலத்திலேயே எழுதிய கூட்டக் குறிப்பையோ செலவுக் கணக்கையோ தேடுங்கள். பொன்விழா மலர் ஐம்பது ஆண்டு கழித்து எழுதப்பட்டது. தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளையும், எது எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள்.