மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்குக் கழுத்துச் சிரையை விரிக்கும் சிகிச்சை கேட்டுப் போராடிய கனடிய நோயாளிகள் ஏமாந்தவர்கள்தானா?

அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன். என் அக்காவும் அவர்களில் ஒருவர்.

2009 நவம்பரில் இந்தச் சிகிச்சை பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை ரொறன்ரோவில் குடும்பமாக இருந்து பார்த்தோம். இத்தாலியின் ஃபெராரா நகர வைத்தியர் பாவ்லோ ஸம்போனியின் மனைவிக்கும் எம்.எஸ். மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் கழுத்துச் சிரைகள் சுருங்கியிருப்பதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, பலூன் செலுத்தி விரித்தால் குணம் தெரிகிறது என்றார் ஸம்போனி. எங்கள் பேச்சில் இரத்தக்குழாயும் நரம்புதானே. "நரம்பு வருத்தத்துக்கு நரம்பை விரிக்கிறார்கள்" என்று அம்மா உடனே நம்பிவிட்டார்.

அக்கா தன் நரம்பியல் வைத்தியரிடம் கேட்டார். அவர் நிமிர்ந்தும் பாராமல், "அதை மறந்துவிடுங்கள்" என்றார். அவர் சொன்னது சரியென்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்படிப் பேசித்தான் பலரைப் போலந்துக்கும் கொஸ்தா ரிக்காவுக்கும் விமானம் ஏற வைத்தார்கள். கொஸ்தா ரிக்காவில் சிரைக்குள் ஸ்டென்ட் (சிரையை விரித்தபடி வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்ட ஒன்ராறியோக்காரர் ஒருவர், 2010இல் இரத்தம் கட்டி இறந்தார்.

அக்கா போகவில்லை. முறையாகச் சோதித்துப் பாருங்கள் என்று எம்.பி.க்கு எழுதினார், மனுக்களில் கையெழுத்திட்டார். எங்கள் கூட்டங்களில், சோதனை எதற்கு, உடனே சிகிச்சை கொடு என்ற குரலும் இருந்தது. நரம்பியல் வைத்தியர்கள் மருந்துக் கம்பனிகளுக்கு விலைபோனவர்கள் என்றுகூடச் சொன்னார்கள். நானும் கைதட்டினேன். அது தவறு.

கேட்ட சோதனை நடந்தது. 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கனடிய ஆய்வில், சிரைச் சுருக்கம் நோயாளிகளில் 74 சதவீதம், அவர்களின் உடன்பிறந்தோரில் 66, தொடர்பே இல்லாதவர்களில் 70. எல்லோரிடமும் இருப்பது எப்படி நோய்க்குக் காரணமாகும்? பிறகு நான்கு கனடிய நகரங்களில் 104 நோயாளிகள் முன்வந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலூன், மற்றவர்களுக்குப் பலூன் விரிக்காமல் வெறும் குழாய் மட்டும். தனக்கு எது கிடைத்தது என்று எவருக்கும் தெரியாது. ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றுதான். 2017இல் இந்த முடிவு வந்தது. அதே ஆண்டில் ஸம்போனி தாமே நடத்திய இத்தாலியச் சோதனையும் பயனில்லை என்றே முடிந்தது.

செய்தியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனி ஒருவரும் வீட்டை விற்றுக்கொண்டு கொஸ்தா ரிக்காவுக்குப் போக மாட்டார்கள், இல்லையா?" என்று கேட்டார்.