மருந்து ஒவ்வாமை இதயத்தையும் தாக்குமா?

தாக்கும். என் அக்காவுக்கே நடந்திருக்கிறது. தோல் தடிப்பு அடங்கிய பிறகும் படபடப்பு இருக்கிறதே, அதுவும் அலர்ஜியா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அக்காவுக்கு வலிப்புக்காக ஃபெனிட்டாயின் ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் ஒன்றுமில்லை. நாலாவது வாரம் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போனது, கழுத்தில் நெறி கட்டியது. 'ட்ரெஸ்' (DRESS) என்றார்கள், தோலோடு நிற்காமல் உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடுமையான மருந்து ஒவ்வாமை. மருந்து தொடங்கி பெரும்பாலும் 2 முதல் 8 வாரம் கழித்துதான் இது தலைகாட்டும். அதனால் மாத்திரை மேல் சந்தேகமே வருவதில்லை. கார்பமசெபின், அலோபியூரினால், சில சல்ஃபா மருந்துகளாலும் வரும்.

மாத்திரையை மாற்றியதும் தோல் உரிந்து பழைய நிறம் திரும்பியது. நாங்களும் நிம்மதியாகிவிட்டோம். அப்புறம் ஒரு ராத்திரி எழுந்து பார்த்தால், அக்கா மூன்று தலையணையை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். "படுத்தா மூச்சு முட்டுதுடா" என்றாள். கையைப் பிடித்து எண்ணினேன், சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு நாடி 120-ஐத் தாண்டி ஓடியது.

இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருந்தது. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருந்தது. இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் இதயத் தசைக்குள் புகுந்து அழற்சி உண்டாக்கியிருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். மயோகார்டைட்டிஸ். தோல் ஆறிய பிறகும், சிலருக்கு மாதங்கள் கழித்தும் இது வரலாம், உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு கொடுத்து, பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

நிமிடங்களில் தாக்கும் வகையும் உண்டு. ஊசி போட்டதும் அரிப்போடு நெஞ்சுவலி வந்தால் அது கூனிஸ் சிண்ட்ரோமாக இருக்கலாம். ஒவ்வாமையில் வெளியாகும் ஹிஸ்டமின் போன்றவை இதய ரத்தக்குழாயை இறுக்கிவிடும். 1991-ல் கூனிஸ் என்ற கிரேக்க மருத்துவர் இதை விவரித்தார். அப்படியானால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுதான்.

நீங்கள் போகும்போது எந்த மாத்திரை, என்று தொடங்கியது என்பதைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். ஈசிஜி, ட்ரோபோனின், எக்கோ தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். தோலைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்றால் அதோடு விடாதீர்கள்.

ஃபெனிட்டாயினுக்கு ஒவ்வாதவர்களுக்குக் கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்துகளும் சேராமல் போக வாய்ப்பு அதிகம். மூன்று பெயரையும் எழுதிய அட்டை அக்காவின் பர்ஸில் எப்போதும் இருக்கும். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவாள்.