தலையணை இல்லாமல் படுத்தால் கழுத்துவலி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 48. தையல் வேலை செய்கிறேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். சில மாதங்களாகக் காலையில் எழும்போது கழுத்தும் வலது தோளும் பிடித்துக்கொள்கின்றன. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. அண்ணி சொன்னாரே என்று ஒரு வாரம் தலையணை இல்லாமல் படுத்தேன், வலி கூடிவிட்டது. மெமரி ஃபோம் தலையணை வாங்கலாமா? மகளின் நான்கு மாதக் குழந்தைக்குக் கடுகுத் தலையணை வைக்கலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: வலி கூடியதில் ஆச்சரியமே இல்லை. தலையணை வேண்டாம் என்பது குப்புறப் படுப்பவர்களுக்கு வேண்டுமானால் சரி. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளின் அகலத்துக்குத் தலைக்கும் படுக்கைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அதை நிரப்ப ஒன்றும் இல்லையென்றால், ஐந்து கிலோவுக்குப் பக்கமாக எடையுள்ள தலை இரவு முழுக்கக் கீழே சரிந்தே இருக்கும். மேல்பக்கத் தசைகள் இழுபடும், கீழே உள்ள தோள் நசுங்கும். உயரமான இரண்டு தலையணைகளை அடுக்கினாலும் இதேதான், கழுத்து எதிர்ப்பக்கம் மடங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உயரம். பஞ்சா ஃபோமா என்பதெல்லாம் அப்புறம். அதுவும் கடையில் தெரிகிற உயரம் அல்ல, தலை வைத்து அமுங்கிய பிறகு மிஞ்சும் உயரம். உங்களைப் போல ஒருக்களித்துப் படுப்பவர்களில் பலருக்கு அது 4 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அகன்ற தோள் என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும். நீங்கள் படுப்பது பாயா மெத்தையா என்று எழுதவில்லை. பாயில் தோள் அமுங்காது, எனவே தலையணை உயரமாக வேண்டும். மெத்தென்ற மெத்தையில் தோள் உள்ளே இறங்கிவிடும், உயரம் குறைய வேண்டும். மெத்தையை மாற்றிய பிறகு சிலருக்குக் கழுத்துவலி தொடங்குவது இதனால்தான்.

காசு செலவழிக்கும் முன்பு ஒன்று செய்யுங்கள். இப்போதுள்ள தலையணையில் வழக்கம்போலப் படுத்துக்கொண்டு, மகளை முதுகுப் பக்கமிருந்து கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டும் பின்கழுத்தும் பின்மண்டையின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தலை கீழே சாய்ந்திருந்தால் ஒரு துண்டை மடித்து உறைக்குள் வையுங்கள். மேலே தூக்கியிருந்தால் கொஞ்சம் பஞ்சை எடுத்துவிடுங்கள். தோள் தலையணை மேல் ஏறக் கூடாது, கழுத்தின் வளைவு வரை தலையணை வந்து தாங்க வேண்டும். இரண்டு வாரம் இப்படிப் படுத்துப் பாருங்கள்.

நாள்பட்ட இலவம்பஞ்சு கட்டி தட்டி, நடுவில் குழிந்துவிடும். வெயிலில் போட்டு உதறி, புதுப் பஞ்சு சேர்த்தால் மீண்டும் எழும்பும். உயரத்தை நம் விருப்பத்துக்குக் கூட்டிக் குறைக்க முடிவது அதன் பெரிய வசதி. மெமரி ஃபோம் உடல்சூட்டில் இளகித் தலையின் வடிவத்துக்கு அமரும், சிலருக்கு மிகவும் சுகமாக இருக்கும். ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கோடையில் வியர்த்து விழித்துக்கொள்பவர்கள் உண்டு. உயரம் பொருந்தாவிட்டால் எந்த விலைக்கு வாங்கினாலும் பயனில்லை.

தோள்வலி குறையும் வரை இடது பக்கம் படுத்து, இன்னொரு தலையணையை அணைத்தபடி வலது கையை அதன்மேல் வையுங்கள். வலது கையால் தலை சீவவும், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும் முடிகிறதா? முடியவில்லை என்றால் அது தோள்மூட்டு இறுக்கமாக இருக்கலாம்; சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு அதிகம் வரும், எனவே ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். கை மரத்துப்போவது, ஊசியைப் பிடிக்க முடியாமல் நழுவுவது, நடையில் தள்ளாட்டம், காய்ச்சலோடு வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தலையணைச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் தையல் இயந்திரத்தின் மேல் குனிந்தே இருப்பதும் இந்த வலியில் பங்கு வகிக்கும். அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, தோளைப் பின்னால் சுழற்றிவிட்டு உட்காருங்கள்.

குழந்தைக்குக் கடுகுத் தலையணை வேண்டவே வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை எந்தத் தலையணையும் வேண்டாம். முகம் அதில் புதைந்தாலோ கழுத்து மடங்கினாலோ மூச்சு அடைபடும், அந்த வயதில் தானாகத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாத்திப் படுக்கவையுங்கள். தலை ஒரு பக்கம் தட்டையாகத் தெரிந்தால், படுக்கவைக்கும்போது முகத்தை ஒருநாள் இப்பக்கம், மறுநாள் அப்பக்கம் திருப்பிவிடுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள். அப்படியும் மாறவில்லை, அல்லது கழுத்தை ஒரே பக்கம்தான் திருப்புகிறது என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.