அபராவன் மைஸ்டெக் யார் கைக்குப் போகும்? கேள்வி பதில்

வரும் மே மாதம் (2026) வேல்ஸ் சட்டமன்றமான செனெத்துக்குத் தேர்தல். அதை ஒட்டி, போர்ட் டால்பட் எஃகு ஆலை இருக்கும் அபராவன் மைஸ்டெக் நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கார்த்திக்: அண்ணா, 2024-ல் தொழிற்கட்சி பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி. இதைப் போய் ஆட்டம் காணும் தொகுதி என்கிறீர்களே?

வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தொழிற்கட்சி வேட்பாளர் ஸ்டீஃபன் கினாக் வாங்கியது சுமார் 17,800 ஓட்டு, அதாவது பதிவான ஓட்டில் ஏறக்குறைய பாதி. நைஜல் ஃபராஜின் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யூகே சுமார் 7,500, வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி சுமார் 4,700, கன்சர்வேட்டிவ் சுமார் 2,900. ஆனால் அன்றைக்கு ஓட்டுச்சாவடிக்குப் போனதே பாதிப் பேர்தான். பாதியில் பாதி என்றால், பட்டியலில் பெயர் உள்ளவர்களில் நாலில் ஒருவர்தான் தொழிற்கட்சிக்குப் போட்டிருக்கிறார். மற்ற மூவரில் இரண்டு பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள். அந்த வீட்டில் இருந்தவர்கள் கோபத்தோடு எழுந்து வந்தால் பத்தாயிரம் ஒரு பெரிய எண்ணே இல்லை.

ரேவதி: இந்தத் தொகுதி எப்போதிலிருந்து தொழிற்கட்சியிடம் இருக்கிறது?

1922-லிருந்து. அந்த வருஷம் இங்கே ஜெயித்த ராம்சே மெக்டொனால்ட்தான் 1924-ல் தொழிற்கட்சியின் முதல் பிரதமர் ஆனார். 1959 முதல் 2001 வரை ஜான் மோரிஸ், 2015 வரை ஹைவல் பிரான்சிஸ், அதன்பிறகு கினாக். பழைய அபராவன் தொகுதியோடு மைஸ்டெக் பக்கத்துப் பள்ளத்தாக்கைச் சேர்த்துப் புதுப் பெயர் வைத்தது 2024-ல், வேல்ஸின் இடங்களை 40-லிருந்து 32 ஆகக் குறைத்தபோது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 2015-லேயே இங்கே இரண்டாவதாக வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்ன யூகிப் கட்சி. 2016 வாக்கெடுப்பில் நீத் போர்ட் டால்பட் வட்டாரம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறத்தான் ஓட்டுப் போட்டது. 2022 உள்ளாட்சித் தேர்தலில் நீத் போர்ட் டால்பட் மன்றம் தொழிற்கட்சியின் கையை விட்டே போய்விட்டது. பத்து வருஷமாக விரிசல் விட்டுக்கொண்டே வருகிறது, நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் இன்னும் உடையவில்லை.

முத்துக்குமரன், சேலம்: எங்கள் ஊரிலும் எஃகு ஆலை இருப்பதால் கேட்கிறேன் சார். ஆலையை மூடியது டாடா. கோபம் ஏன் தொழிற்கட்சி மேல் திரும்புகிறது?

இதுதான் மையமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2007-ல் கோரஸ் என்ற எஃகு கம்பெனியை வாங்கியதன் வழியாக டாடா இந்த ஆலைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு 50 கோடி பவுண்ட் தருவதாக ஒப்புக்கொண்டது. அதோடு டாடாவும் பணம் போட்டு, மொத்தம் 125 கோடி பவுண்டில் மின்வில் உலை கட்டுவது திட்டம். இரும்புத் தாதுவையும் நிலக்கரியையும் கொட்டி உருக்கும் ஊதுலைக்குப் பதிலாக, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் உலை. புகை குறைவு, ஆனால் ஆள் தேவையும் மிகக் குறைவு. புது உலை ஓடத் தொடங்கும்வரை ஒரு ஊதுலையையாவது அணைக்காமல் வைத்திருங்கள் என்று தொழிற்சங்கங்கள் மாற்றுத் திட்டம் கொடுத்தன. டாடா ஏற்கவில்லை.

2024 ஜூலையில், தொழிற்கட்சி ஆட்சியைப் பிடித்த தேர்தல் நடந்த அதே வாரத்தில், ஐந்தாம் எண் ஊதுலை நின்றது. செப்டம்பர் 30 அன்று நான்காம் எண்ணும் நின்றது. டாடா அறிவித்த ஆட்குறைப்பு சுமார் 2,800, பெரும்பாலும் போர்ட் டால்பட்டில். ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர்கள், ஆலை வாசலை நம்பிக் கடை வைத்திருந்தவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் நடந்ததுதான் ஆறாத புண். இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் ஊதுலைகள் அணையப்போகிற நிலை வந்ததும், 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை நாடாளுமன்றத்தையே அவசரமாகக் கூட்டி, ஒரே நாளில் சட்டம் போட்டு அரசு ஆலையின் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அது சரியான முடிவுதான். ஆனால் போர்ட் டால்பட்காரர் என்ன நினைப்பார்? அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியவில்லை? அரசு சொன்ன விளக்கம், இரண்டும் வேறு வேறு நிலைமை, இங்கே ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பது. அதில் உண்மை உண்டு. ஆனாலும் வேலை போனவரின் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லி ஓட்டு வாங்க முடியாது.

ஷாலினி: ஊதுலையைத் திரும்பத் திறப்போம் என்று நைஜல் ஃபராஜ் சொன்னாரே, நடக்குமா?

2025 ஜூனில் போர்ட் டால்பட்டுக்கே வந்து சொன்னார். முறையாக அணைத்துக் குளிர்ந்துபோன ஊதுலையை மறுபடி மூட்டுவது கிட்டத்தட்ட புதிதாகக் கட்டுவதற்குச் சமம். உள்ளே உறைந்து கிடப்பதை வெட்டி எடுத்து, உட்சுவர்க் கல் முழுக்க மாற்ற வேண்டும், நிலக்கரியைச் சுட்டுக் கல்கரி (கோக்) ஆக்கும் அடுப்புக்கும் வழி பண்ண வேண்டும். வீட்டு ஜன்னல் விளிம்பிலும் துவைத்துப் போட்ட துணியிலும் செம்பழுப்புத் தூசி படிந்து வாழ்ந்த மக்களுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். அந்த வாக்குறுதியை அப்படியே நம்பி ரிஃபார்முக்குப் போடுவார்கள் என்று எண்ணுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. எங்களைப் பார்க்க வந்தானே ஒருத்தன் என்ற எண்ணம்தான் ஓட்டாக மாறும்.

செந்தில்: மைஸ்டெக் பக்கமும் இதே மனநிலையா?

இல்லை. அது நிலக்கரிப் பள்ளத்தாக்கு. அங்கிருந்த செயின்ட் ஜான்ஸ் சுரங்கம் 1985-லேயே, பெரிய வேலைநிறுத்தம் முடிந்த கையோடு மூடப்பட்டது. போர்ட் டால்பட்டின் காயம் புதுசு, மைஸ்டெக்கின் காயம் நாற்பது வருஷப் பழசு. அங்கே பஸ், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கடைத்தெரு இவைதான் பேச்சு.

அனிதா: கேர்ஃபிலி இடைத்தேர்தல் இங்கே எதைக் காட்டுகிறது?

நிறையக் காட்டுகிறது. 2025 அக்டோபர் 23, தெற்கு வேல்ஸில் உள்ள கேர்ஃபிலி தொகுதிக்குச் செனெத் இடைத்தேர்தல். நூறு வருஷமாகத் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த இடத்தில் பிளைட் கம்ரி 47 சதவீதம், ரிஃபார்ம் 36, தொழிற்கட்சி 11. ரிஃபார்ம் வரக் கூடாது என்று நினைத்தவர்கள், அதைத் தடுக்கக்கூடியவர் யார் என்று பார்த்து ஒரே பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அந்த இடம் பிளைடுக்குக் கிடைத்தது, தொழிற்கட்சிக்குக் கிடைக்கவில்லை.

கார்த்திக்: அப்படியானால் மே மாத செனெத் தேர்தலை வைத்தே இந்தத் தொகுதியைக் கணித்துவிடலாமா?

ஓரளவுக்குத்தான். செனெத் தேர்தல் இந்தத் தடவை புது முறை: 96 பேர், 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், ஓட்டு கட்சிப் பட்டியலுக்கு. அபராவன் மைஸ்டெக்கை ரோண்டா பக்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு பேச்சுக்கு நாலு கட்சி 35, 32, 16, 9 சதவீதம் வாங்கினால் இடங்கள் 3, 2, 1, பூஜ்யம் என்று பிரியும். மூன்றாவதாக வந்தாலும் ஒரு இடம் உண்டு என்பதால் யாரும் பயந்துபோய் ஓட்டை மாற்றிப் போடத் தேவையில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் முதலில் வருபவருக்கே எல்லாம். ஆனால் ரிஃபார்முக்கு எதிரே நிற்கும் கட்சி எது என்பதை மே முடிவுதான் மக்கள் மனதில் பதிய வைக்கும். அதனால்தான் அது முக்கியம்.

பிரசாந்த், ஸ்வான்சீ: நான் இந்தியப் பாஸ்போர்ட், வேலை விசா. எனக்கு ஓட்டு உண்டா?

உண்டு தம்பி. இந்தியா, இலங்கை எல்லாம் காமன்வெல்த் நாடுகள், சட்டப்படி குடியிருப்பவர்கள் பதிவு செய்து செனெத் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலுக்குப் புகைப்பட அடையாளம் வேண்டும், உங்கள் பாஸ்போர்ட்டே போதும். இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.

ரேவதி: கடைசியாக, உங்கள் கணிப்பு?

இன்றைக்கே நாடாளுமன்றத் தேர்தல் நடந்தால் தொழிற்கட்சி தோற்கும் என்றுதான் நினைக்கிறேன். ரிஃபார்ம் முந்தலாம், பிளைட் இன்னும் ஒரு படி ஏறினால் கேர்ஃபிலி மாதிரி அவர்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த பொதுத்தேர்தலுக்கு 2029 ஆகஸ்ட் வரை அவகாசம் இருக்கிறது. மின்வில் உலை வேலை 2025 ஜூலையில் தொடங்கியது, 2027 கடைசியிலோ 2028 தொடக்கத்திலோ ஓட வேண்டும். அது சொன்ன நேரத்தில் ஓடி, துறைமுகத்தில் மிதக்கும் காற்றாலைக்கான வேலைகளும் வந்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைத்தால், எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிகிற நிலையில் தொழிற்கட்சி 35 சதவீதத்திலேயே தப்பிக்கும். உலை தள்ளிப்போனால் இந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.