தோள் தசைநாணில் பகுதிக் கிழிவு: அறுவை சிகிச்சை கட்டாயமா?

கேள்வி: வயது 56. பள்ளி ஆசிரியை. நான்கு மாதமாக வலது தோளில் வலி. விழவில்லை, அடிபடவும் இல்லை. கரும்பலகையில் மேலே எழுதக் கையைத் தூக்கினால் சுருக்கென்கிறது. வலப்பக்கம் படுத்தால் தூக்கம் போய்விடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ‘சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் பகுதிக் கிழிவு’ என்று வந்திருக்கிறது. சாவித்துளை அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதலில் முயல வேண்டியதே அந்த வழிதான்: பயிற்சி.

தோள் மூட்டுப் பந்தை அதன் குழியில் பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைகள். அவற்றில் மேலே இருப்பது சுப்ராஸ்பினேட்டஸ். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது அதிகச் சுமை தாங்குவது அதை எலும்போடு இணைக்கும் தசைநாண்தான். ஐம்பதைத் தாண்டினால் இந்த நாண் நைந்துபோவது சகஜம். தோள் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் கிழிவு தெரியும். அதனால் அறிக்கையில் உள்ள அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கிழிந்த இழைகள் ஒட்டாமலே போகலாம். மீதி இழைகளும் மற்ற மூன்று தசைகளும் வலுவானால் வலி குறையும், கையும் மேலே போகும்.

அமெரிக்காவில், அடிபடாமலே தசைநாண் முழுவதும் கிழிந்த 450-க்கும் மேற்பட்டவர்களுக்கு பிசியோதெரபி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் நான்கில் மூன்று பங்கினர் அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை. உங்களுடையது பகுதிக் கிழிவுதான்.

பலர் வலிக்குப் பயந்து கையைத் தூளியில் தொங்கப்போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ஆபத்து; தோள் இறுகிப்போகும். இப்போதே ஒன்றைச் சோதியுங்கள்: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, வேறொருவரை முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இடது கை போகும் தூரத்தில் பாதிகூட வலது கை போகவில்லை என்றால் தோள் இறுகத் தொடங்கியிருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. மருத்துவரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு, மூன்று வாரம் கையை இலகுவாக்கினால் போதும். மேசையில் துணி விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து முன்னோக்கித் தள்ளுங்கள்: 10 முறை, காலை மாலை. பிறகு வலப்பக்கம் சுவர் இருக்கும்படி நின்று, முழங்கையை மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, புறங்கையால் சுவரை அழுத்துங்கள். 10 விநாடி, 5 முறை. முழுப் பலத்தில் பாதி போதும்.

அடுத்து வலுவேற்றம். உண்மையான சிகிச்சை இதுதான். பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். ரப்பர் பட்டையின் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, அதே துண்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கம் இழுங்கள். திரும்பும்போது மூன்று விநாடி எடுத்து மெதுவாக விடுங்கள். 10 முறை வீதம் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நெருங்கும்படி பட்டையைப் பின்னால் இழுக்கும் பயிற்சியும் அதே அளவு. 15 முறை சுலபமாக வந்த பிறகே தடிமனான பட்டைக்கு மாறுங்கள். கையை நேராக முன்னால் தூக்கும் பயிற்சியை ஆறாவது வாரத்துக்குப் பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு தொடங்கலாம்.

பயிற்சியில் கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவு அதிகம்; நிறுத்திவிடாமல் பாதியாகக் குறையுங்கள். மூன்றாவது வாரத்தில் ‘பலனில்லை’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். நாண் மெதுவாகத்தான் வலுவாகும். 12 வாரம் கொடுங்கள்.

அதுவரை பலகையில் கண்மட்டத்துக்குக் கீழே எழுதுங்கள். பேருந்தில் மேல்கம்பியை இடது கையால் பிடியுங்கள். மல்லாந்து படுக்கும்போது வலது முழங்கைக்கு அடியில் சிறு தலையணை வையுங்கள். இடப்பக்கம் படுத்தால் ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் வலது கையை வையுங்கள்.

வலி மாத்திரையைச் சில நாட்களுக்கு மட்டும், சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் காட்டி மருத்துவர் சொன்ன பிறகே எடுங்கள். தூங்கவே முடியாத வலி என்றால் ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரம் ஆறுதல் தரும், பயிற்சி செய்யவும் உதவும். ஆனால் ஊசி போட்ட பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், தினமும் பாருங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் நாண் பலவீனமாகும்.

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றமே இல்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். இடையில் விழுந்து, அதன்பின் கையைத் தூக்கவே முடியாமல் போனால் 12 வாரம் காத்திருக்கக் கூடாது. புதிதாக முழுவதும் கிழிந்த நாணைச் சில வாரங்களுக்குள் தைத்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். அந்த வாரமே காட்டுங்கள். தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே போகவேண்டும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தோள் வலியுடன் மூச்சு வாங்கி வியர்த்தால், தோளை மறந்துவிட்டு உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.