கேள்வி – பதில்: கொட்டேஷனில் எழுதாத வேலைகள்

கேள்வி: குளியலறையையும் சமையலறையையும் புதுப்பிக்க மூன்று கான்ட்ராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். ஒருவர் கேட்பது மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவருக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். "குளியலறை வேலை முழுவதும்" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பழைய டைல்ஸைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடக் கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் பழையதன் மேலேயே ஒட்டிவிடும் எண்ணத்தில் இருப்பார். இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்காது.

வேலைப் பட்டியலை நீங்களே எழுதி, ஒரே தாளை மூவரிடமும் கொடுங்கள். குளியலறைத் தரைக்கு மட்டும் எவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்: கான்கிரீட் தெரியும்வரை பழைய தரையைக் கொத்தி எடுப்பது, குழாய்கள் தளத்தைத் துளைத்துப் போகும் இடங்களைச் சுருங்காத கலவையால் அடைப்பது, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், சுவரிலும் ஓர் அடி ஏற்றி, ஷவர் பக்கம் ஆறடி வரை, அது காய்ந்த பிறகு வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பது, வடிகாலை நோக்கி 100 செ.மீ.க்கு 1 செ.மீ. வாட்டம், அதன் பிறகுதான் டைல்ஸ். குளியலறை ஒழுகலில் பெரும்பகுதி குழாய் மூட்டிலும், தரையும் சுவரும் சேரும் மூலையிலும்தான் தொடங்குகிறது. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பதும் அந்த இடங்களில்தான். டைல்ஸ் மூடிவிட்டால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

ஒயர், குழாய், பிளைவுட் எதுவானாலும் கம்பெனியும் அளவும் கிரேடும் எழுத்தில் இருக்கட்டும். "நல்ல குவாலிட்டி" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். இடிபாடுகளை அப்புறப்படுத்துவது யார் செலவு, சதுர அடிக் கணக்கில் கதவு, ஜன்னலின் பரப்பு கழிக்கப்படுமா என்பதையும் கேளுங்கள். டைல்ஸை நீங்களே வாங்கித் தருவதானால் 10 சதவீதம் கூடுதலாக, பெட்டியில் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு வாங்கும் பேட்ச் நிறம் சற்று மாறித்தான் வரும்.

இத்தனையும் எழுதிய பிறகும் அவர் விலை குறைவாகவே நின்றால், எங்கே குறைகிறது என்று வரிவரியாகக் கேளுங்கள். சொந்த ஆட்களை வைத்து வேலை செய்பவருக்கு உண்மையிலேயே குறையும். பதில் சொல்லாமல் மழுப்பினால், பாதி வேலையில் "இது எக்ஸ்ட்ரா சார்" என்று வந்து நிற்பார்.

கேள்வி: அவர் செய்து முடித்த வீடுகளைக் காட்டுகிறேன் என்கிறார். போனால் எதைப் பார்ப்பது?

பதில்: போன மாதம் முடித்த வீட்டைப் பார்த்துப் பயனில்லை, புதிதில் எல்லாமே பளபளக்கும். இரண்டு மழைக்காலமாவது தாண்டிய வீட்டைக் கேளுங்கள். டைல்ஸின் நான்கு மூலைகளிலும் நாணயத்தால் தட்டுங்கள். பொக்கையான சத்தம் வந்தால் அடியில் கலவை முழுதாகப் படியவில்லை. குளியலறை மூலையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போய்த் தேங்குகிறது என்று கவனியுங்கள். முடிந்தால் கீழ்த்தளத்தின் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்காரரைத் தனியே சந்தித்து, வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

நடந்துகொண்டிருக்கும் வேலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிமென்ட் மூட்டைகள் பலகை மேல் அடுக்கியிருக்கின்றனவா, ஈரத்தரையில் கிடக்கின்றனவா? சுவரில் ஒயருக்கு எடுத்த காடி எவ்வளவு ஆழம்? படுக்கை வசத்தில் சுவரின் தடிமனில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் அது முக்கால் அங்குலம்தான். அதற்கு மேல் வெட்டினால் சுவர் வலுவிழக்கும், பூச்சும் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும்.

கேள்வி: பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். இது வழக்கம்தானா?

பதில்: கேட்பது வழக்கமாக இருக்கலாம், கொடுக்காதீர்கள். பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும். 10 சதவீதம் முன்பணம் போதும். பொருள் வாங்கப் பணமில்லை என்றால் கடைக்கு நீங்களே நேராகக் கட்டிவிடுங்கள். மீதியைத் தேதிப்படி பிரிக்காமல், முடிந்த வேலைப்படி பிரியுங்கள். அதிலும் மறைந்துபோகும் வேலைகளுக்குப் பிறகு ஒரு தவணை வையுங்கள்: தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு ஒன்று, சுவரை மூடும் முன் குழாய்களில் பிரஷர் ஏற்றி, மீட்டரின் முள் இறங்காமல் நிற்பதைப் பார்த்த பிறகு ஒன்று. குழாயும் ஒயரும் போகும் பாதையை அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 10 சதவீதத்தைக் குறைகள் சரியான பிறகு கொடுங்கள்.

இடையில் நீங்களே ஏதாவது மாற்றச் சொன்னால், அதற்கான தொகையையும் கூடுதல் நாட்களையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே ஆட்கள் கை வைக்கட்டும். வாய்வார்த்தையில் விட்ட மாற்றங்கள்தான் கடைசி பில்லில் சண்டையாகும்.

கேள்வி: சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடலாம், வெறும் செங்கல் சுவர்தான் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்லை மட்டும் வைத்து இடிக்காதீர்கள். தூண், பீம் இல்லாத வீட்டில் செங்கல் சுவரே தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை அழைத்து, எழுத்தில் கருத்து வாங்குங்கள். தாங்கும் சுவராக இருந்தால், எந்த அளவு பீம், எங்கெங்கே முட்டு, எத்தனை நாள் கழித்து அந்த முட்டுகளை எடுப்பது என்பதையெல்லாம் அவரே வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும். அந்த வரைபடம் வேண்டாம் என்று சொல்லும் கான்ட்ராக்டருக்கு மற்ற வேலைகளையும் கொடுக்க வேண்டாம்.